ஸ்காட் ஜாப்ளின்: தாளில் நின்ற தாளம்

வாய்மொழியாக வழங்கும் கலைக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பாடுவோர் மாறமாற அதுவும் மாறும். பாடுவோர் அற்றுப்போனால் அதுவும் அற்றுப்போகும். அத்தகைய கலையை ஒருவர் எழுத்தில் வடித்து, இது நான் இயற்றியது, நான் எழுதியவாறே இதனை இசைக்க வேண்டும் என்று சொல்லத் துணிந்தால், அவர் இரு திறத்தாரையும் எதிர்கொள்ள நேரும். கற்றோர் அதனைக் கலையென ஏற்க மறுப்பர். கேளிக்கை விரும்புவோர் அதற்கு இத்துணை மதிப்பு எதற்கென வினவுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் இந்நிலைக்கு ஆளானவர் ஸ்காட் ஜாப்ளின். ராக்டைம் என்னும் இசைவகையின் தலைசிறந்த படைப்பாளியாக இன்று போற்றப்படும் இவர், தம் வாழ்நாளின் பெரும்படைப்பைத் தம் கைப்பொருள் கொண்டே அச்சிட்டு, அதனை முறையாக அரங்கேற்றக் காணாமலே மறைந்தவர்.

பிறப்பும் இளமையும்

ஜாப்ளின் டெக்சஸ் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் பிறந்தார். 1868 நவம்பர் 24 என்று நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்த பிறந்தநாள் பிழையானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை ஒப்புநோக்கிய ஆய்வாளர், 1867ஆம் ஆண்டின் பிற்பகுதியிலோ 1868இன் தொடக்கத்திலோ அவர் பிறந்திருக்க வேண்டும் என்பர். அடிமை முறை ஒழிந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தந்தை கைல்ஸ் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தாய் ஃபுளோரன்ஸ் கென்டக்கி மாநிலத்தில் அடிமைத்தளையின்றிப் பிறந்தவர். தந்தை வயலின் வாசிப்பார். தாய் பாடுவார், பாஞ்சோ மீட்டுவார்.

குடும்பம் டெக்சார்க்கானா நகரில் குடியேறியது. பின்னர்த் தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். தாய் வெள்ளையர் வீடுகளில் பெருக்கியும் துணி வெளுத்தும் பிள்ளைகளைக் காத்தார். அவர் வேலை செய்த ஒரு வீட்டில் பியானோ இருந்தது. தாய் வேலையை முடிக்கும் வரை மகன் அதனை வாசித்துப் பழக அவ்வீட்டார் இசைந்தனர். அவ்வூரில் இருந்த ஜெர்மானிய இசையாசிரியர் ஜூலியஸ் வைஸ் சிறுவனின் திறமறிந்து ஊதியமின்றிக் கற்பித்தார். ஐரோப்பியச் செவ்வியல் இசையும் ஆப்பரா எனப்படும் இசைநாடகமும் ஜாப்ளினுக்கு அறிமுகமானது அவர் வழியாகத்தான். பிற்காலத்தில் அந்த ஆசிரியர் முதுமையும் வறுமையும் உற்றபோது ஜாப்ளின் பணம் அனுப்பி உதவினார் என்று அவருடைய மனைவி லாட்டி கூறியுள்ளார்.

செடாலியா

இளமையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்ட ஜாப்ளின் ஊர் ஊராகச் சென்று பியானோ வாசித்துப் பிழைத்தார். கறுப்பினக் கலைஞர்களுக்கு அன்று இசையரங்குகளின் வாயில்கள் மூடியிருந்தன. மதுக்கடைகளும் பரத்தையர் விடுதிகளுமே திறந்திருந்தன. அங்கே இரவெல்லாம் வாசித்த நாடோடிக் கலைஞர்களின் விரல்களில் உருவானதே ராக்டைம். 1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இவர்களில் பலர் சென்றனர், ஜாப்ளினும் சென்றார். அதன்பின் இப்புதிய இசை நாடெங்கும் பரவத் தொடங்கியது.

இவ்விசையின் இயல்பை எளிதில் விளக்கலாம். பியானோவில் இடக்கை தாளத்தைக் காக்கும். தாழ்ந்த சுரம் ஒன்று, அதனையடுத்துச் சுரக்கூட்டு ஒன்று என நடைபோடுவோன் காலடிபோல் தவறாது ஒலிக்கும். வலக்கையோ மெட்டின் அழுத்தங்களைத் தாளத்தின் அழுத்தங்களுக்கு முன்னும் பின்னுமாக வைத்து விளையாடும். அனாகத எடுப்பும் அதீத எடுப்பும் அறிந்தோர்க்கு இந்த இன்பம் புதிதன்று. கிழிந்த துணியின் ஓரம்போல் தாளம் ஒழுங்கற்று ஒலிப்பதால், கந்தல் என்று பொருள்படும் ராக் என்னும் சொல் இதற்குப் பெயராயிற்று என்பர்.

1894இல் ஜாப்ளின் மிசூரி மாநிலத்தின் செடாலியா என்னும் இருப்புப்பாதை நகருக்கு வந்தார். அங்கே கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்டிருந்த ஜார்ஜ் ஆர். ஸ்மித் கல்லூரியில் இசை பயின்றார். இரவில் மன்றங்களில் வாசித்துப் பொருளீட்டியவர், பகலில் கேட்ட ஒலியைக் குறியீட்டில் எழுதும் முறையைக் கற்றார். அவருடைய வாழ்வின் திருப்பம் இதுவே. அவரினும் விரைவாகவும் அழகாகவும் வாசிக்கக்கூடிய கலைஞர் பலர் அன்று இருந்தனர். அவர்களில் பலருடைய இசை அவர்களுடனேயே மறைந்தது. ஜாப்ளின் வாசிப்பில் முதல்வர் அல்லர் என்றே உடனிருந்தோர் கூறியுள்ளனர். ஆயின் அவர் எழுதினார்.

ஒரு சென்ட் உடன்படிக்கை

செடாலியாவில் ஜாப்ளின் வாசித்த மன்றங்களுள் ஒன்று மேப்பிள் லீஃப் மன்றம். அப்பெயரையே தாங்கிய 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் அச்சாயிற்று. அதனை வெளியிட்டவர் ஜான் ஸ்டார்க். உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் பணிபுரிந்து, பின்னர் உழவும் ஐஸ்கிரீம் வணிகமும் செய்து, முடிவில் இசைக்கருவிக் கடை நடத்திய வெள்ளையர் அவர்.

1899 ஆகஸ்டு 10ஆம் நாள் இருவரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை அக்கால வழக்கிற்கு மாறானது. பதிப்பாளர்கள் அன்று இசையமைப்பாளருக்குச் சில டாலர்களைக் கொடுத்து உரிமை முழுவதையும் வாங்கிவிடுவர். கறுப்பினத்தார் என்றால் அந்தச் சில டாலர்களும் குறையும். ஜாப்ளினோ வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு, விற்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு சென்ட் உரிமைத்தொகை பெற உடன்படிக்கை செய்துகொண்டார். கடையில் அதன் விலை 25 சென்ட்டுக்குக் குறையலாகாது என்பதும் அதில் எழுதப்பட்டது.

முதல் ஓராண்டில் விற்றவை ஏறத்தாழ 400 படிகளே. ஆசிரியருக்குக் கிடைத்தது நான்கு டாலர். ஆனால் விற்பனை ஆண்டுதோறும் பெருகியது. பத்து ஆண்டுகளில் ஐந்து இலட்சம் படிகள் விற்றன. வானொலி தோன்றாத காலம், இசைத்தட்டும் அரிது. அச்சிட்ட இசைத்தாளை வாங்கி வீட்டுப் பியானோவில் வாசிப்பதே பாட்டுக் கேட்கும் வழியாக இருந்தது. ஜாப்ளினைக் கண்டறியாத நகரங்களிலும், அவரை முன்வாயில் வழியே அனுமதித்திராத வீடுகளிலும் அவருடைய இசை ஒலித்தது. அந்த ஒரு சென்ட் அவரைச் செல்வராக்கவில்லை; ஆயினும் விடுதிகளில் விடிய விடிய வாசிக்கும் பிழைப்பிலிருந்து விடுவித்து, எழுதுவதற்கு நேரம் தந்தது.

செயின்ட் லூயிஸ் ஆண்டுகள்

1901இல் ஜாப்ளின் தம் மனைவி பெல்லுடன் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறினார். அந்நகரின் இசைக்குழு நடத்துநர் ஆல்ஃபிரட் எர்ன்ஸ்ட் என்னும் ஜெர்மானியர் அவருடைய படைப்புகளைப் பாராட்டிச் செய்தித்தாளில் கருத்துரைத்தார். 'தி என்டர்டெய்னர்' என்னும் புகழ்பெற்ற ராக் 1902இல் வெளிவந்தது. மாணவர்களோடும் நண்பர்களோடும் இணைந்து எழுதுவதிலும் ஜாப்ளின் ஆர்வங்காட்டினார். ஆர்தர் மார்ஷல், ஸ்காட் ஹேடன் ஆகிய மாணவர்களோடு சேர்ந்து எழுதியவை இருவர் பெயரிலும் வெளிவந்தன. இசைக்குறிப்பு எழுதும் பழக்கமில்லாத லூயிஸ் சோவின் என்னும் அரிய கலைஞரின் மெட்டுகளைத் தம் பகுதிகளோடு இணைத்து 1907இல் 'ஹீலியோட்ரோப் பொக்கே' என வெளியிட்டார். மறு ஆண்டே, முப்பது வயது நிரம்பாமல், சோவின் இறந்தார். ஊரார் வியந்த அவருடைய வாசிப்பில் இன்று எஞ்சியிருப்பவை ஓரிரு அச்சுப் படைப்புகளே. அவற்றுள் சிறந்தது ஜாப்ளின் எழுதிக் காத்தது.

இவ்வாண்டுகளில் துயரங்களும் அடுக்கி வந்தன. பெண்குழந்தை பிறந்து சில மாதங்களில் இறந்தது. இசையில் நாட்டமில்லாத பெல்லும் அவரும் பிரிந்தனர். 1903இல் 'எ கெஸ்ட் ஆஃப் ஹானர்' என்னும் இசைநாடகத்தை இயற்றிக் குழு திரட்டிப் பயணம் புறப்பட்டார். கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன் 1901இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் விருந்தினராக வெள்ளை மாளிகையில் உணவுண்ட நிகழ்ச்சியே அதன் பொருள் என்று ஆய்வாளர் கருதுவர். அவ்விருந்து தென் மாநிலங்களில் பெருஞ்சினத்தை மூட்டியிருந்தது. பயணத்தின் இடையில் வசூல் பணம் களவு போயிற்று, குழு கலைந்தது. காப்புரிமை கோரி விண்ணப்பம் சென்றதே தவிர, நாடகத்தின் படி பதிவகத்துக்குப் போய்ச் சேரவில்லை. அச்சேறாத அந்த நாடகத்தின் ஒரு பக்கம்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

1904 ஜூன் மாதம் பத்தொன்பது வயதான ஃபிரெடி அலெக்சாண்டரை ஜாப்ளின் மணந்தார். தடுமன் கண்டு, அது நுரையீரல் அழற்சியாக முற்றி, செப்டம்பர் 10ஆம் நாள் அவர் இறந்தார். அவருக்குக் காணிக்கையாக்கிய 'தி கிரைசாந்தமம்' அந்த ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டு வெளியான 'பெத்தீனா', ராக்டைம் அசைவை மூன்றடித் தாளத்தில் அமைத்த மெல்லிய சோகமுடைய படைப்பு.

விரைவைத் தவிர்த்தவர்

ராக்டைம் புகழ்பெறப் பெற அதன்மேல் பழியும் வளர்ந்தது. இளைஞரைக் கெடுக்கும் இசை என்று சமயவாணரும் ஆசிரியரும் கண்டித்தனர். அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு 1901இல் தன் உறுப்பினர் அதனைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. மற்றொரு பக்கம், நியூயார்க்கில் டின் பான் ஆலி என்று பெயர்பெற்ற பதிப்பாளர் தெருவில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் வேடிக்கைப் பாட்டுகள் ராக்டைம் என்னும் பெயராலேயே குவியல் குவியலாக அச்சாயின. மேடைகளில் யார் மிக விரைவாக வாசிப்பர் என்று போட்டிகள் நடந்தன.

இவற்றிற்கு ஜாப்ளின் சொல்லால் பெரிதும் மறுமொழி கூறவில்லை. எழுதும் முறையால் கூறினார். பதினாறு தாளக்கட்டங்கள் கொண்ட நான்கு பகுதிகள் என்னும் கட்டுக்கோப்பை, யாப்பறிந்த புலவன் அடியளவைப் பேணுவதுபோல் பேணினார். அந்த வரம்புக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட படைப்புகளை ஒன்றுபோல் ஒன்றில்லாமல் இயற்றினார். விரைந்து வாசித்தல் இவ்விசைக்கு ஒருபோதும் பொருந்தாது என்னும் அறிவிப்பைத் தம் இசைத்தாள்களின் தலைப்பில் அச்சிடச் செய்தார். 1908இல் ஆறு பயிற்சிகள் அடங்கிய சிறு பாடநூல் ஒன்றையும் வெளியிட்டு, எழுதப்பட்ட ஒவ்வொரு சுரமும் அதற்குரிய காலத்தில் ஒலிக்க வேண்டும் என்று கற்பித்தார். கேளிக்கையாளர் கூட்டத்தில் பாடவேறுபாடு பற்றிக் கவலைப்பட்ட பதிப்பாசிரியர் போன்றவர் அவர்.

ட்ரீமோனிஷா

1907இல் ஜாப்ளின் நியூயார்க் சென்றார். தம் இரண்டாம் இசைநாடகத்துக்குப் பதிப்பாளரும் அரங்கும் தேடுவதே நோக்கம். அங்கே லாட்டி ஸ்டோக்ஸ் அவருக்குத் துணையானார். உரிமைத்தொகை பற்றிய கருத்து வேறுபாட்டால் ஸ்டார்க்குடனான உறவு முறிந்தது. வெளியிட எவரும் முன்வராததால் 1911இல் தம் செலவிலேயே 'ட்ரீமோனிஷா'வை 230 பக்கங்களில் அச்சிட்டார். கதை, பாடல், இசை, ஆட்டமுறை எல்லாம் அவருடையனவே.

கதை 1884இல், ஆர்க்கன்சா மாநிலத்தின் தோட்டம் ஒன்றில் நிகழ்கிறது. இடமோ டெக்சார்க்கானாவுக்கு அண்மையில். மரத்தடியில் கண்டெடுக்கப்பட்ட பெண்குழந்தையை நெட், மொனிஷா என்னும் எளிய இணையர் வளர்க்கின்றனர். அவளுக்கு எழுத்தறிவிக்க வெள்ளைப் பெண்மணி ஒருவர் இசைகிறார். அதற்கு ஈடாக வளர்ப்புப் பெற்றோர் அவர் வீட்டில் உழைக்கின்றனர். கற்றுத் தேர்ந்த ட்ரீமோனிஷா, தாயத்து விற்று மக்களை மருட்டும் மந்திரவாதிகளை எதிர்க்கிறாள். அவர்கள் அவளைக் கடத்திக் குளவிக் கூட்டில் எறிய முனைகின்றனர். அவளிடம் கற்ற ரீமஸ் சோளக்கொல்லைப் பொம்மையாக வேடமிட்டு வந்து மீட்கிறான். பிடிபட்ட மந்திரவாதிகளை அடிக்க ஊரார் எழும்போது, அவர்களை மன்னித்து விடுவிக்குமாறு வேண்டுகிறாள். ஊர் அவளையே தலைவியாக ஏற்கிறது.

தாய் வேலை செய்த வீட்டின் பியானோவில் பழகிய சிறுவனின் நினைவே இக்கதையின் அடியில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. கல்வியே விடுதலை என்பதும், பெண்ணொருத்தி ஊரை நடத்தலாம் என்பதும் அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டன. மொழிநடையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊரார் வட்டார வழக்கில் பாட, ட்ரீமோனிஷாவும் ரீமஸும் மட்டும் செந்தரமான ஆங்கிலத்தில் பாடுகின்றனர். வழக்கு மொழியை இழித்துக் காட்டி நகைப்பூட்டிய மேடைப்பாட்டுகள் மலிந்த காலத்தில், கல்வியின் பயனைச் சொல்லின் வழியே காட்டிய அமைப்பு இது. இது ராக்டைம் நாடகம் அன்று என்பதில் ஜாப்ளின் உறுதியாக இருந்தார். அவ்வசைவு வேண்டும் இடத்தில் மட்டுமே வருகிறது.

நூல் வெளிவந்த ஆண்டில் இசை இதழ் ஒன்று அதனை மிக உயர்வாக மதிப்பிட்டது. அரங்கு மட்டும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு இர்விங் பெர்லினின் 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' நாடெங்கும் ஒலித்தது. தம் நாடகத்தின் மெட்டு ஒன்று அதில் எடுத்தாளப்பட்டது என்று ஜாப்ளின் வருந்தியதாக அவரைச் சார்ந்தோர் கூறினர். பெர்லின் தரப்பு அதனை ஏற்கவில்லை. அது இன்றும் முடியாத வழக்கு. 1915 அளவில் ஹார்லெமில், காட்சித் திரையும் இசைக்குழுவும் இல்லாமல், ஜாப்ளின் தாமே பியானோ வாசிக்க, நாடகம் ஒருமுறை சிறு அவையின் முன் நிகழ்த்திக் காட்டப்பட்டது. பெருநகரத்தில் புதுவாழ்வு தேடி வந்திருந்த கறுப்பின மக்கள், தாங்கள் மறக்க விரும்பிய தோட்டத்தையும் மந்திரவாதிகளையும் மேடையில் காண விரும்பவில்லை எனக் கருதுவோர் உண்டு. எவரும் பொருளுதவி செய்ய முன்வரவில்லை.

இறுதி நாள்கள்

அப்போதே ஜாப்ளினை மேகநோய் முற்றிப் பற்றியிருந்தது. அதற்கு அன்று தக்க மருந்தில்லை. 1914இல் தாமே வெளியிட்ட 'மேக்னெட்டிக் ராக்' அவர் வாழ்நாளில் வெளிவந்த கடைசி ராக். 1916இல் தானியங்கிப் பியானோவுக்கான துளைத்தாள் சுருள்கள் சிலவற்றில் அவருடைய வாசிப்பு பதிவாயிற்று. அவர் குரலோ வாசிப்போ ஒலித்தட்டில் இல்லை, அத்துளைத்தாள்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றில் 'மேப்பிள் லீஃப் ராக்' தடுமாறித் தடுமாறிச் செல்கிறது. விரைவு வேண்டாம் என்று உலகுக்குச் சொன்ன விரல்கள் தம் காலத்தைத் தாமே காக்க இயலாத நிலையை அதில் கேட்கலாம்.

1917இன் தொடக்கத்தில் நினைவு சிதைந்த நிலையில் மன்ஹாட்டன் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 1ஆம் நாள் உயிர் நீத்தார். குவீன்ஸ் பகுதியில் உள்ள புனித மைக்கேல் கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் இன்றி அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் முதல் ஜாஸ் இசைத்தட்டு விற்பனைக்கு வந்திருந்தது. ராக்டைமின் காலமும் அவருடன் முடிந்தது. லாட்டி 1953 வரை வாழ்ந்து கணவரின் கையெழுத்துப் படிகளைக் காத்தார். அவர் மறைவுக்குப்பின் அவை கைமாறின. 1961க்குப்பின் எங்குப் போயின என்பது தெரியவில்லை. ட்ரீமோனிஷாவுக்கு ஜாப்ளின் எழுதிய இசைக்குழுப் பகுதிகளும் அழிந்தன.

மீட்சி

1970இல் ஜோஷ்வா ரிஃப்கின் என்னும் இசைஅறிஞர் ஜாப்ளினின் ராக்குகள் சிலவற்றை, எழுதியவாறே, விரைவின்றி வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அச்சிட்ட தாளில் எழுதியிருந்ததை மதித்ததே அவர் செய்த புதுமை. அது எதிர்பாராத வகையில் மிகுதியாக விற்றது. 1971இல் நியூயார்க் பொது நூலகம் வேரா பிராட்ஸ்கி லாரன்ஸ் பதிப்பில் ஜாப்ளினின் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டது. 1972 ஜனவரியில் அட்லாண்டா நகரில் ட்ரீமோனிஷா முதன்முறையாக முழுமையாக அரங்கேறியது. 1973இல் வெளிவந்த 'தி ஸ்டிங்' திரைப்படத்தின் வழியே 'தி என்டர்டெய்னர்' உலகெங்கும் ஒலித்தது. 1974இல் கல்லறையில் பெயர் பொறிக்கப்பட்டது. 1975இல் ஹூஸ்டன் ஆப்பரா குழு ட்ரீமோனிஷாவை மேடையேற்றி, பின்னர் நியூயார்க்குக்கும் கொண்டு சென்றது. 1976இல் அமெரிக்க இசைக்கு ஆற்றிய தொண்டுக்காகப் புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவருக்கு வழங்கப்பட்டது.

அவருடைய இரு இசைநாடகங்களில் அச்சேறாதது மறைந்தது. அச்சேறியது, இசைக்குழுப் பகுதிகளை இழந்தும், அறுபது ஆண்டு கழித்து உயிர் பெற்றது. இறந்துபட்ட பகுதிகளைப் பின்வந்தோர் புதிதாக எழுதிச் சேர்க்க முடிந்ததற்கு அந்த 230 பக்கங்களே அடிப்படை. விற்காத நூலொன்றைக் கைப்பொருள் செலவிட்டு அச்சிட்டவரை அன்று எவரும் மதியுடையவர் என்று கருதியிருக்கமாட்டார். அந்நூலின் படிகளுள் சில நூலகங்களிலும் தனியார் வீடுகளிலும் தங்கின. படிப்பாரின்றி, வாசிப்பாரின்றி, தம் காலம் வரும்வரை கிடந்தன.